நிறம் முந்தியது, ஈரம் பிந்தியது: ஒரு வீட்டு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் ஏன் நமுத்துப்போனது?

கோயம்புத்தூரில் என் அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்தான். வெளியில் வாங்கித் தருவதில்லை என்று முடிவெடுத்தபோது, அதற்கு ஈடாகப் பத்து வயது மகனுக்கு அவள் கொடுத்த வாக்கு அது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. ஜூலை கடைசியிலிருந்து வரவில்லை. அடுப்பிலிருந்து எடுக்கும்போது அடர்ந்த பழுப்பு நிறம், பார்க்க நன்றாக வறுபட்ட மாதிரி. தட்டில் போட்டு மேசைக்கு வருவதற்குள் துவண்டுவிடும். ஓரங்களில் லேசான கசப்பு வேறு. "மாமா, இது நேத்து போட்ட பஜ்ஜி மாதிரி இருக்கு" என்று மருமகன் போனில் சொன்னான். இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். சில வருடம் ஒரு நொறுக்குத்தீனி ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். அங்கே ஒரு நாள் சிப்ஸ் கறுத்து வந்தால் ஆலையே பரபரப்பாகிவிடும். வீட்டில் அதே குறை வந்தால் சமைப்பவரின் கையைத்தான் குறை சொல்கிறோம். அக்காவும் தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. செப்டம்பரில் நான்கு ஞாயிறு தொடர்ச்சியாகப் போய், எடை மெஷினும் எண்ணெயில் முனையை நனைத்து வெப்பம் பார்க்கும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு, நடப்பதை எல்லாம் குறித்தேன். குறிப்புகளை அப்படியே இங்கே தருகிறேன். தவறாகப் போன முயற்சிகளையும் விடவில்லை. விடை கிடைத்ததே அவற்றில் ஒன்றிலிருந்துதான்.

அதற்கு முன் அக்கா தானாகவே செய்து பார்த்தவை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வீடியோவில் ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கச் சொன்னார்கள், ஊறவைத்தாள். இன்னொன்றில் கான்ஃபிளவர் மாவு தூவச் சொன்னார்கள், தூவினாள். மாவை அரிசி மாவாக மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். வெட்டிய துண்டுகளை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தும் பார்த்தாள். கான்ஃபிளவர் போட்ட அன்று மட்டும் மேல் தோல் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

முதல் ஞாயிறு: தொடாமல் பார்த்தது

அன்று நான் எதிலும் கைவைக்கவில்லை. "எப்பவும் செய்ற மாதிரியே செய்யிக்கா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன்.

ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயிலிருந்து கிழங்கை எடுத்தாள். தோல் சீவி, விரல் கனத்துக்கு வெட்டி, ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்தபோது எடை 500 கிராம். வடச்சட்டியில் ரீஃபைண்டு கடலை எண்ணெய் முக்கால் லிட்டர். எண்ணெய் 182 டிகிரி செல்சியஸ் காட்டியபோது முழு அரைக் கிலோவையும் ஒரே ஈட்டில் போட்டாள். ஒன்றரை நிமிடத்தில் எண்ணெயின் சூடு 121 டிகிரிக்கு இறங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்ல ஏறி 150-ஐத் தொட எட்டு நிமிடம் பிடித்தது. ஒன்பதாவது நிமிடம் துண்டுகளின் முனைகள் கறுக்கத் தொடங்கின, அக்கா உடனே அரித்து எடுத்துவிட்டாள். எண்ணெய் வடிந்தபின் எடை 338 கிராம்.

அந்த எண்தான் எனக்கு முதல் தடயம். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 500 கிராம் கிழங்கில் திடப்பொருள் 100 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். மொறுமொறுப்பாக வந்த ஃப்ரைஸ் என்றால், குடித்த எண்ணெயையும் சேர்த்து 250 முதல் 270 கிராமுக்குள் நிற்க வேண்டும். இங்கே கிட்டத்தட்ட 70 கிராம் அதிகம். அதில் பெரும்பகுதி வெளியேறாத தண்ணீர். அது உள்ளே இருக்கும்வரை மேல் தோல் எவ்வளவு காய்ந்திருந்தாலும் பயனில்லை. சூடான நடுப்பகுதியிலிருந்து ஆவி வெளிநோக்கி வந்து தோலை நனைத்துவிடும். ஒரு துண்டை ஒரு முனையில் பிடித்துப் படுக்கையாக நீட்டினேன். இரண்டே நிமிடத்தில் மறுமுனை தொங்கிவிட்டது.

இதில் அக்காவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முறுக்கு சுடும்போது அவள் நிறம் பார்த்து எடுப்பதில்லை. எண்ணெயில் எழும் சலசலப்பு அடங்கும்வரை காத்திருப்பாள். அந்தக் குமிழி முழுக்க மாவிலிருந்து வெளியேறும் நீராவிதான். சத்தம் அடங்கினால் ஈரம் போயிற்று என்று அர்த்தம், நம் வீடுகளில் இது பாட்டி காலத்துப் பாடம். அப்படியானால் ஃப்ரைஸில் ஏன் சத்தம் அடங்குமுன் எடுக்கிறாள்? கேட்டேன்.

"விட்டா கருகிப்போயிருது தம்பி. நிறம் முந்திக்குது" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் மொத்த நோயும் இருந்தது. அன்று எனக்கு அது பிடிபடவில்லை. சூடு இறங்கியதே கண்ணில் நின்றது.

இரண்டாம் ஞாயிறு: சரியான மருந்து, மோசமான விளைவு

சூடு 60 டிகிரி இறங்குவது பெரிய குறைதான். அந்தச் சூட்டில் துண்டு எண்ணெயில் வேகும், வறுபடாது. அதனால் எண்ணெயை ஒரு லிட்டராக்கினேன், ஒரு ஈட்டுக்கு 150 கிராம் கிழங்கு மட்டும். 180-இல் போட்டபோது 156-க்குக் கீழே இறங்கவில்லை. நான் எதிர்பார்த்தது பொன்னிறமான, கலகலவென்ற ஃப்ரைஸ். வந்தது அதற்கு நேர்மாறு. மூன்றாவது நிமிடமே கரும்பழுப்பு. உள்ளே நடுவில் பச்சை வாசனை போகவில்லை. 150 கிராம் 104 ஆகியிருந்தது, அதாவது 100-க்கு 69. முதல் ஞாயிறு 100-க்கு 68. சூட்டைச் சரிசெய்தும் ஈரம் வெளியேறும் அளவு மாறவில்லை, நிறம் மட்டும் இன்னும் வேகமாக ஓடியது.

சரி, இரண்டு முறை பொரித்துப் பார்ப்போம் என்று அடுத்த ஈடு. இது பெல்ஜியத்துக் கடைகளில் நெடுங்காலமாக இருக்கும் முறை. பின்ட்யே என்ற மாவுக் கிழங்கை முதலில் 150 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் நிறம் வராமல் வேகவைத்து எடுத்து, ஆறவிட்டு, பிறகு 180-க்கு மேல் ஓரிரு நிமிடம் பொரிப்பார்கள். அங்கே பாரம்பரியமாக மாட்டுக் கொழுப்பில். முதல் பொரிப்பில் மாவுச்சத்து வெந்து, வெளிப்பக்கம் ஒட்டுப்பசை போன்ற ஒரு படலம் உருவாகும். ஆறும்போது அதிலிருந்து ஈரம் கொஞ்சம் போகும். இரண்டாவது பொரிப்பில் அந்தப் படலம் காய்ந்து கண்ணாடி போல உடையும் தோலாகும்.

அக்காவின் கிழங்கு முதல் பொரிப்பிலேயே, நான்காவது நிமிடம் பழுப்பேறியது. இரண்டாவது பொரிப்பில் 40 நொடிதான் தாங்கியது. கசந்தது, யாரும் சாப்பிடவில்லை. மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் தயிர்சாதத்துக்குப் போய்விட்டான்.

ஆலையில் இப்படி நடந்தால் முதலில் எண்ணெயைப் பார்ப்போம். இங்கே எண்ணெய் புதிது. அப்புறம் கிழங்கைப் பார்ப்போம். நான் கிழங்கைப் பார்க்கத் தாமதித்துவிட்டேன்.

சாப்பாட்டின்போது அக்கா சொன்ன ஒன்று எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. "கிழங்குப் பொரியல்கூட ரெண்டு மாசமா இனிச்சுக்கிட்டே கெடக்குது. மொளகாப்பொடி ரெண்டு பங்கு போட்டாத்தான் வாய்க்கு வெளங்குது." கிழங்கை எப்போதிருந்து ஃபிரிட்ஜில் வைக்கிறாய் என்று கேட்டேன். மே மாத வெயிலில் கூடைக் கிழங்கு முளைவிட்டு, இரண்டு மூன்று அழுகிப்போனதாம். அதிலிருந்து மூன்று வாரத்துக்கானதை மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறாள்.

இனிப்பு எங்கிருந்து வந்தது

உருளைக்கிழங்கு செடியிலிருந்து பிரிந்த பிறகும் உயிருள்ள பொருள். அது மூச்சுவிடுகிறது. சூடு ஏறத்தாழ 7, 8 டிகிரிக்குக் கீழே போனால், சேமித்து வைத்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கும். குளுக்கோஸும் பிரக்டோஸும் கிழங்கின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். வேகவைத்தால் நாக்குக்கு இனிப்பாகத் தெரிவது இதுதான். எண்ணெயில் போட்டால் வேறு விதமாகத் தெரியும். இந்தச் சர்க்கரைகளும் கிழங்கில் இயல்பாக இருக்கும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசனையையும் தருகின்றன. மயார் வினை என்று இதற்குப் பெயர். ஓரளவு நடந்தால் பொன்னிறம். சர்க்கரை மிகுந்திருந்தால், தண்ணீர் போய் முடிவதற்கு வெகு முன்னாலேயே துண்டு கறுத்து, கசப்பும் ஏறிவிடும். சமைப்பவர் நிறம் பார்த்துப் பயந்து எடுப்பார். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அக்கா சொன்ன "நிறம் முந்திக்குது" இதுவேதான். ஃப்ரைஸ் நமுத்ததற்குப் பொரித்த விதத்தைவிடக் கிழங்கின் சர்க்கரைதான் பெரிய காரணம்.

ஆனால் ஃபிரிட்ஜ் மட்டும் குற்றவாளி என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வடக்கத்திக் கிழங்கு ஆகஸ்டில் கோயம்புத்தூர் மளிகைக் கடைக்கு எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் சமவெளி உருளை குளிர்காலப் பயிர், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. அதன்பின் வருடம் முழுக்க விற்பதற்காகக் குளிர்பதனக் கிடங்குக்குப் போகிறது. சாப்பாட்டுக் கிழங்கும் விதைக் கிழங்கும் அங்கே பொதுவாக 2 முதல் 4 டிகிரியில் இருக்கும், முளைவிடாமல் இருப்பதற்காக. ஆக, மார்ச்சில் அக்கா வாங்கியது புதுக் கிழங்கு, ஜூலைக்குப் பிறகு வாங்கியது பல மாதம் குளிரில் கிடந்தது. மார்ச், ஏப்ரலில் நன்றாக வந்தது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருந்தது.

சிப்ஸும் ஃப்ரைஸும் செய்யும் ஆலைகள் இந்தக் குளிரில் கிழங்கை வைப்பதில்லை. அவற்றுக்கான கிழங்கு 10 முதல் 12 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் முளை வரும் என்பதால் முளைதடுப்பு மருந்தைப் புகையாகச் செலுத்துவார்கள். ரகமும் வேறு. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் குஃப்ரி சிப்சோனா ரகங்களையும், பிறகு ஃப்ரைஸுக்கென்றே குஃப்ரி ஃப்ரைசோனாவையும் வெளியிட்டது. சர்க்கரை குறைவாக, திடப்பொருள் கூடுதலாக இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. குஜராத்தின் மெஹ்சானாவில் மெக்கெயின் என்ற உறைந்த ஃப்ரைஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை வந்த பிறகு அந்தப் பக்கத்து விவசாயிகள் ஃப்ரைஸுக்கான ரகங்களை ஒப்பந்தத்தில் பயிரிடுகிறார்கள். அமெரிக்காவில் இதே இடம் ரஸ்ஸட் பர்பேங்க் என்ற நீளக் கிழங்குக்கு. உறைந்த பாக்கெட் ஃப்ரைஸ் வீட்டு எண்ணெயிலும் ஒழுங்காக வருவதற்குப் பாதிக் காரணம், அது நம் மளிகைக் கடைக் கிழங்கே அல்ல என்பதுதான்.

மூன்றாம் ஞாயிறு: மூன்று வில்லைகள்

ஊகம் சரியா என்று பார்க்க ஆலையில் நாங்கள் செய்யும் எளிய சோதனையையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று கிழங்குகள். ஒன்று, மூன்று வாரம் ஃபிரிட்ஜில் இருந்தது. இரண்டாவது, கடையில் அதே மூட்டையிலிருந்து வாங்கி மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டுக் கூடையில் வெளியில் கிடந்தது. அவர்களும் அதே நாள் அதே கடையில் வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. மூன்றாவது, மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து வந்த புது ஊட்டிக் கிழங்கு. நீலகிரியில் கார்போகத்துக் கிழங்கு செப்டம்பர் வாக்கில் வெட்டி முடிக்கிறார்கள், அதனால் அந்த மாதம் புதுக் கிழங்கு தாராளமாகக் கிடைக்கும். விலை கூடுதல்தான்.

மூன்றிலும் நடுப்பகுதியில் ஒரே கனத்தில் மெல்லிய வில்லை சீவி, கழுவாமல், 180 டிகிரி எண்ணெயில் ஒன்றாகப் போட்டோம். குமிழி அடங்கியதும் ஒன்றாக எடுத்தோம். ஃபிரிட்ஜ் கிழங்கு காப்பிக்கொட்டை நிறம். கூடைக் கிழங்கு அதைவிட வெளுப்பு, ஆனாலும் பழுப்புதான். ஊட்டிக் கிழங்கு இளம் பொன்னிறம். அக்கா மூன்றையும் வரிசையாக ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப எங்கைல கொறையில்ல" என்றாள். இல்லவே இல்லை.

நடு வில்லை முக்கியமானது. குளிரில் இருந்த கிழங்கை 15 முதல் 20 டிகிரி வரையான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் அது சர்க்கரையில் ஒரு பகுதியை மூச்சுவிட்டுச் செலவழிக்கும், ஒரு பகுதியை மீண்டும் மாவாக மாற்றும். முழுவதும் திரும்பாது. கூடைக் கிழங்கு பாதி தேறியதும் பாதி தேறாததும் இதனால்தான்.

கிழங்கில் இன்னொரு கேள்வியும் உண்டு: மாவுச்சத்து போதுமா? அதற்கு உப்புத் தண்ணீர் சோதனை. ஒரு கப் உப்பை 11 கப் தண்ணீரில் கரைத்து முழுக் கிழங்கைப் போட வேண்டும். மாவு நிறைந்தது மூழ்கும், நீர்த்தது மிதக்கும். அக்கா வீட்டில் இருந்த எட்டுச் சமவெளிக் கிழங்கில் நாலு மிதந்தன. ஊட்டிக் கிழங்கு ஆறில் ஐந்து மூழ்கின. மிதந்தவற்றைக் குருமாவுக்கு ஒதுக்கினோம். இந்தச் சோதனை சர்க்கரையைக் காட்டாது. அதைச் சொல்ல எண்ணெயில் பொரித்த வில்லைதான் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அரைக் கிலோ கிழங்கையும் ஒரு லிட்டர் எண்ணெயையும் வீணாக்குவதற்கு முன் அந்த ஐந்து நிமிடம் செலவழிக்கலாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

அன்று மூழ்கிய ஊட்டிக் கிழங்கில் 500 கிராம் வெட்டினோம், ஒரு சென்டிமீட்டர் கனம். தண்ணீர் தெளியும்வரை மூன்று முறை அலசல். மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதற்கு மேல் ஊறவைப்பதால் பெரிய லாபம் கிடையாது. துணியில் நன்றாக ஒற்றி எடுத்து, 150 டிகிரியில் ஐந்து நிமிடம், ஈட்டுக்கு 150 முதல் 170 கிராம். அப்போது துண்டு வெளுப்பாக, வளைத்தால் வளைவதாக இருக்கும். தட்டில் பரப்பி அரை மணி நேரம் மின்விசிறிக்கு அடியில். பிறகு 185-இல் இரண்டரை நிமிடம், சலசலப்பு அடங்கும்வரை. கான்ஃபிளவர் எதுவும் கிடையாது. எடை 262 கிராம். சல்லடையில் குலுக்கியபோது வற்றல் குலுக்கிய மாதிரி சத்தம். பன்னிரண்டு நிமிடம் கழித்தும் நீட்டிப் பிடித்த துண்டு தொங்கவில்லை. மருமகன் எழுந்துபோய் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டான்.

பழைய கிழங்கைக் காப்பாற்ற முடியுமா

இங்கேயே நிறுத்தியிருந்தால் இந்த ஆய்வு பணக்கார ஆய்வாகிவிடும். ஊட்டிக் கிழங்கு எல்லா ஊரிலும் எல்லா மாதமும் கிடைக்காது. வீட்டில் இரண்டு கிலோ இனிப்புக் கிழங்கு பாக்கி இருந்தது. அதை என்ன செய்வது?

ஆலைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வெட்டிய துண்டுகளை 70 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் பத்து, இருபது நிமிடம் வைப்பார்கள். சர்க்கரை தண்ணீரில் கரைந்து வெளியேறும். கூடவே இன்னொரு நன்மையும் உண்டு. அந்த மிதமான சூட்டில் கிழங்கின் நொதி ஒன்று, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை மாற்றியமைக்கிறது. கிழங்கிலேயே இருக்கும் சுண்ணாம்புச்சத்து அதோடு பிணைந்து துண்டு குழையாமல் நிற்கும். பிறகு நிறம் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்று, அளந்து கொஞ்சம் குளுக்கோஸ் கரைசலில் நனைத்தும் எடுப்பார்கள். சர்க்கரையை வெளியேற்றிவிட்டு மறுபடி அளவோடு சேர்ப்பது புதிராகத் தெரியலாம். நிறத்தைக் கிழங்கின் கையில் விடாமல் தங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் அதன் நோக்கம்.

நான்காம் ஞாயிறு இதையே செய்தோம். பெரிய குண்டானில் மூன்று லிட்டர் தண்ணீர், 75 டிகிரி. ஃபிரிட்ஜ் கிழங்கில் மூழ்கியவை மட்டும் 500 கிராம். கிழங்கு விழுந்ததும் தண்ணீர் 70-க்குக் கொஞ்சம் கீழே வந்தது, அடுப்பைச் சிம்மில் வைத்து அங்கேயே பிடித்தோம். பதினைந்து நிமிடம். வடித்தபோது அந்தத் தண்ணீர் லேசாக மஞ்சளித்திருந்தது, அக்கா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, இனிக்கிறது என்றாள். துண்டுகளைத் துணியில் பரப்பி நன்றாக உலரவிட்டோம், ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் தெறிக்கும். அப்புறம் அதே இரட்டைப் பொரிப்பு. எடை 271 கிராம். நிறம் ஊட்டிக் கிழங்கைவிட ஒரு படி அடர்த்தி, ஆனால் கசப்பு இல்லை. ஒன்பது நிமிடம் துவளவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் 40 நொடியில் கருகிய அதே மூட்டைக் கிழங்கு இது. எனக்கு இந்த ஈடுதான் ஊட்டிக் கிழங்கு ஈட்டைவிட அதிக மகிழ்ச்சி தந்தது.

வெப்பமானி இல்லாத வீட்டுக்கு இன்னொரு வழியும் பார்த்தோம். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் துண்டுகளை எட்டு நிமிடம் வேகவிடுவது. சாதாரணத் தண்ணீரில் எட்டு நிமிடம் கொதித்தால் முனைகள் கரைந்துவிடும். புளிப்பு இருந்தால் பெக்டின் கரைவது தாமதப்படும், அதனால் வடிவம் நிற்கும். புளிப்பு பழுப்பேறுவதையும் மட்டுப்படுத்தும். பொரித்தபின் வினிகர் வாசனை தெரியவில்லை. எண்ணெயின் சூட்டுக்கும் கண்ணே போதும். ஒரு துண்டைப் போட்டால் மெல்ல மேலே வந்து, சோம்பலாகக் குமிழி விட்டால் முதல் பொரிப்புக்கான சூடு. போட்டவுடனே எழும்பி, சுற்றிலும் மளமளவென்று குமிழி சூழ்ந்தால் இரண்டாவதுக்கு.

ஹாட் பாக்ஸ்

எல்லாம் சரியானபின் ஒரு சறுக்கல். அதே நாள் அக்கா கணவரின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. ஆறிப்போகக் கூடாதே என்று அக்கா இரண்டு ஈட்டை ஹாட் பாக்ஸில் போட்டு மூடிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் திறந்தபோது மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர், கீழே கொதகொத என்ற ஃப்ரைஸ். 262 கிராம் வந்த தரமான ஈட்டிலும் கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான் இருக்கிறது. அந்த ஆவிக்கு வெளியே போக வழி வேண்டும். டிஷ்யூ பேப்பர் மேல் குவித்து வைத்தாலும் இதே கதைதான், அடித்துண்டுகள் நமுத்துவிடும். அகலமான கம்பிச் சல்லடையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, சூட்டோடு உப்பைத் தூவுவதுதான் சரி. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் முதல் பொரிப்பை மதியமே முடித்துவிடலாம். அவர்கள் உட்கார்ந்த பிறகு இரண்டாவது பொரிப்புக்கு இரண்டரை நிமிடம்தான். நமுத்த ஈட்டையும் 190 டிகிரியில் முக்கால் நிமிடம் போட்டெடுத்தோம், பெரும்பாலும் மீண்டுவிட்டது.

நிறம் பற்றி இன்னொரு வார்த்தை, இது உடம்பு சம்பந்தப்பட்டது. 2002-இல் ஸ்வீடனில், மாவுப்பண்டங்களை உயர்ந்த சூட்டில் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்று அறிவித்தார்கள். கிழங்கில் உள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் அதே குளுக்கோஸ், பிரக்டோஸும் சேர்ந்து, 120 டிகிரிக்கு மேல் அது உருவாகிறது. விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்திருப்பதால், பொன்னிறத்தோடு நிறுத்துங்கள், பழுப்பாக்காதீர்கள் என்பது உலகெங்கும் தரப்படும் அறிவுரை. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2017-இல் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகளைப் பார்த்து, வீட்டு ஃபிரிட்ஜால் அக்ரிலமைடு குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை என்று 2023-இல் அதை மாற்றிக்கொண்டது. அதனால் பொரியலுக்கும் சாம்பாருக்கும் ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கைப் பயன்படுத்தப் பயப்படத் தேவையில்லை. நான் சொல்வது ஃப்ரைஸுக்கான கிழங்கை மட்டும். ஏற்கெனவே பல மாதம் கிடங்குக் குளிரில் இருந்து வந்ததை மறுபடி மூன்று வாரம் குளிரில் வைத்ததுதான் இந்த வீட்டில் நடந்தது.

நவம்பர் தொடக்கத்தில் மறுபடி போயிருந்தேன். அக்கா இப்போது மூன்று வாரத்துக்கானதை மொத்தமாக வாங்குவதில்லை. ஞாயிறுக்கானதை வியாழக்கிழமை வாங்கி, சாக்குத் துணி போட்டு இருட்டான அலமாரியில் வைக்கிறாள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிவிடும், பச்சையானது சாப்பிட உகந்ததல்ல. வாங்கிய அன்றே ஒரு வில்லை பொரித்துப் பார்க்கிறாள். வெளுப்பாக வந்தால் நேராக இரட்டைப் பொரிப்பு, பழுப்பானால் முதலில் வெந்நீர். நான் போன அன்று வில்லை பழுப்பாக வந்தது. வெந்நீர்க் குண்டான் அடுப்பில் இருந்தது, மருமகன் கையில் கடிகாரத்தோடு நின்றான். "மாமா, இன்னும் நாலு நிமிஷம்" என்றான்.